நகம் வளர்கிற வேகத்தில்

"எவ்வளவு உயரம் வரை ஏறினீர்கள்?" என்பதுதான் திரும்பி வந்த பிறகு எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இருக்கிற மோன் பிளாங் மலைக்குப் போய் வந்தோம் என்றதுமே கேட்பவரின் மனத்தில் உச்சி, கயிறு, பனிக்கோடரி, கையில் பிடித்த கொடி எல்லாம் வந்து நின்றுவிடுகின்றன. நாங்கள் உச்சிக்குப் போகவில்லை, மலையைச் சுற்றித்தான் வந்தோம், எங்கள் பாதையின் மிக உயர்ந்த இடமே 2,537 மீட்டர்தான் என்று விளக்கும்போது, அவர் முகத்தில் இருந்த ஆர்வம் சற்றே வடிவதையும் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரிடம் இப்படிச் சொல்லி அலுத்த பிறகு, சுருக்கமாகச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை என்று தெரிந்தது. ஆகவே நீளமாகச் சொல்கிறேன்.

மோன் பிளாங் சுற்றுப்பாதை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளமானது. பிரான்ஸில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்தின் ஒரு மூலையைக் கடந்து, மறுபடியும் பிரான்ஸிலேயே வந்து முடிகிறது. வழியில் வருகிற ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 10,000 மீட்டர் அளவுக்கு வரும். கிளம்பிய இடத்துக்கே திரும்புவதால் இறக்கமும் அதே அளவுதான். "கூட்டிக் கழிச்சா பூஜ்யம்" என்றாள் அக்கா, இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பெரும்பாலோர் ஏழு முதல் பதினொரு நாட்களில் முடிக்கிற இந்த வட்டத்தை, நடுவில் ஓர் ஓய்வு நாளும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு நாட்களில் நடந்தோம். (2003ஆம் ஆண்டு முதல் ஆகஸ்ட் இறுதியில் இதே வட்டத்தை ஒரே மூச்சில் ஓடிக் கடக்கிற பந்தயம் ஒன்று நடக்கிறது, முதலில் வருபவர் சுமார் இருபது மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். அவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வேறு இனம்.)

மலையைச் சுற்றி நடப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஆனால் கிரிவலம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. வலம் வருவதென்றால் சுற்றப்படுவது நமது வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் பாதையின் வழக்கமான திசையோ கடிகாரமுள்ளுக்கு எதிரானது. பன்னிரண்டு நாளும் மலை எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. அக்கா முதல் நாள் காலையிலேயே இதைக் கண்டுபிடித்து, சற்றுச் சங்கடப்பட்டு, பிறகு அந்த ஊர் மலைக்கு அந்த ஊர் முறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்த மலையை ஏறியவர்களின் வரலாற்றிலும் சுற்றியவர் ஒருவர் முன்னால் நிற்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் ஓராஸ் பெனெடிக்ட் து சோசூர், 1760இல், தமது இருபதாவது வயதில் மலையடிவாரத்தில் இருக்கிற ஷாமொனிப் பள்ளத்தாக்குக்கு வந்து, உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ழாக் பால்மா, மிஷெல் கப்ரியேல் பக்கார் என்ற மருத்துவர் ஆகிய இருவரும் உச்சியில் கால் வைத்தது 1786 ஆகஸ்ட் 8 அன்றுதான். சோசூர் தாமே ஏறியது அதற்கும் அடுத்த ஆண்டு. நடுவே கழிந்த கால் நூற்றாண்டில் அவர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1767இல் மலையைச் சுற்றி நடந்தார், பாறைகளைத் தட்டிப் பார்த்தார், பனியாறுகளை ஆராய்ந்தார். பின்னாளில், வானத்தின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்று அளப்பதற்காக, வெளுப்பிலிருந்து கருநீலம் வரை படிப்படியாக வண்ணம் தீட்டிய ஒரு காகித வட்டத்தைக்கூடச் செய்துகொண்டார். அடைய முடியாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தே ஒருவர் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்றால், அடையும் உத்தேசமே இல்லாத எனக்கு அது தாராளமாகப் போதும்.

அக்காவும் நானும் சேர்ந்து வெளியே போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் திருமணத்துக்குப் பிறகு நாங்கள் சந்தித்ததெல்லாம் விசேஷ வீடுகளிலும் மருத்துவமனை வராந்தாக்களிலும்தான். எந்தச் சந்திப்பும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. கடந்த ஆண்டு அவள் ஓய்வு பெற்றாள். எனக்கு வயது நாற்பத்தாறு, ஓய்வுக்கு வெகுதூரம், ஆனால் காலையில் கணினியைத் திறக்கும்போதே களைத்துப் போயிருந்தேன். இதற்கு மருந்தாக எல்லோரும் சொன்னது புத்துணர்ச்சி. அந்தச் சொல்லைச் சோப்பு விளம்பரங்கள் தேய்த்துத் தேய்த்து அதில் நுரை மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே நான் அதைத் தேடிப் போகவில்லை. அக்கா கூப்பிட்டாள், போனேன்.

கிளம்பும்போது என் முதுகுப்பையின் எடை பதினோரு கிலோ, அக்காவுடையது ஏழு. வீட்டு வரவேற்பறையில் அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தபோது பதினொன்று ஒரு பாரமாகவே தெரியவில்லை. லே ஊஷ் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, கோல் து வோசா கணவாய்க்கு ஏறுகிற முதல் 650 மீட்டரில் ஒவ்வொரு பொருளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு என் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது சட்டை, மூன்றாவது சட்டை, வாசிப்பதற்காக எடுத்த தடித்த புத்தகம், மாற்றுக் காலணி, ஒருவேளை தேவைப்படுமோ என்று எடுத்த ஏழெட்டு ஒருவேளைகள். அன்று இரவு லே கோண்டமீனில் படுக்கையின் மேல் எல்லாவற்றையும் கொட்டி, அக்காவைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை அந்த ஊர்த் தபால் நிலையத்தில் மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பார்சலை, பன்னிரண்டாவது நாள் நாங்கள் தங்கவிருந்த விடுதிக்கு அனுப்பினோம். அதில் போன எதையும் அடுத்த பத்து நாளில் நான் நினைத்துப் பார்க்கவில்லை, புத்தகத்தைக்கூட.

தவற்றை முழுவதும் திருத்திக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் பெரிய தவறு என் காலில் மாட்டியிருந்தது. கடையில் மாலை நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய காலணியை, காலை நேரத்தில் மெல்லிய காலுறையோடு அளவு பார்த்து வாங்கியிருந்தேன். அரை அளவு சிறியது. ஏற்றத்தில் அது வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கோல் து போனோம் கணவாய் வழியாக 2,479 மீட்டர் வரை ஏறினோம். ஜூலை இரண்டாம் வாரத்திலும் அங்கங்கே பழைய பனித்திட்டுகள் பாதையை மூடிக் கிடந்தன. முன்னால் போனவர்களின் காலடிக் குழிகளிலேயே கால் வைத்து, ஊன்றுகோல்களை அழுத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். பனியைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் அன்று நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் இருந்த அடுத்த குழியை மட்டும்தான்.

அதற்கு அடுத்த நாள் வந்தது கோல் து லா செய்ஞ், 2,516 மீட்டர், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே இருக்கிற எல்லை. எல்லை என்றால் ஒரு கற்குவியல், ஓர் எல்லைக்கல், ஓயாத காற்று. கடவுச்சீட்டைக் கேட்க அங்கே எவரும் இல்லை. ஆனால் அந்த மேட்டில் விழுகிற மழைக்கு எல்லை உண்டு. பிரான்ஸ் பக்கம் விழுகிற துளி ஈசேர் ஆற்றில் சேர்ந்து, ரோன் வழியாக மத்தியதரைக் கடலின் மேற்கே போய்விடுகிறது. ஓரடி தள்ளி இத்தாலிப் பக்கம் விழுகிற துளி டோரா பால்தியாவில் இறங்கி, போ நதியோடு ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. அக்கா தன் குடிநீர்ப் புட்டியிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினாள். "சரிசமமா ஊத்தியிருக்கேன், யாரும் குறை சொல்லக் கூடாது" என்றாள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தக் கணவாயில் நின்றபோதுதான் சுற்றுவது என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. ஷாமொனிப் பக்கமிருந்து பார்த்தால் மோன் பிளாங் பெயருக்கேற்ற வெள்ளை மலை: கவிழ்த்து வைத்த சட்டி போல, உருண்டு திரண்ட, சாதுவான பனிமேடு. இத்தாலிப் பக்கமோ கறுத்த பாறையும் கூர்முனைகளும் செங்குத்தாகத் தொங்கும் பனியும். அதே மலை என்று வரைபடம் சொன்னாலொழிய நம்ப மாட்டோம். மூன்று நாளாக நான் பார்த்துப் பழகி, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த மலை, முதுகைத் திருப்பிக்கொண்டதும் வேறு யாரோ ஆகிவிட்டது. உச்சியின் உயரமே நிலையாக இல்லை என்பதையும் அன்று மாலை விடுதியில் படித்தேன். உச்சியில் இருப்பது பாறை அல்ல, பனி. காற்றும் பொழிவும் அதைக் கூட்டியும் குறைத்தும் விடுவதால் ஒவ்வோர் அளவீட்டிலும் எண் மாறுகிறது. 2021இல் 4,807.81 மீட்டர், 2023இல் 4,805.59. இரண்டு ஆண்டில் இரண்டு மீட்டருக்கும் மேல் குறைந்துபோன ஒரு மலையின் முன்னால், என் பாதையின் 2,537ஐப் பற்றி நான் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஷெக்ரூயி மேட்டிலிருந்து கூர்மாயர் நகருக்கு இறங்குகிற பாதையில் என் காலணி வாயைத் திறந்தது. எழுநூறு மீட்டருக்கு மேல், காட்டுக்குள், வேரும் புழுதியுமாகச் செங்குத்தான இறக்கம். நடக்கத் தெரியாதவர்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். தெரிந்தவர்கள் பயப்படுவது இறக்கத்துக்கு. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது, மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், இழைகளில் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. வலி அன்று தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் கழிவறையில் உட்காரும்போது தெரியும். என் விஷயத்தில் கூடவே ஒவ்வொரு அடிக்கும் வலது பெருவிரல் காலணியின் நுனியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. கூர்மாயரில் காலுறையைக் கழற்றியபோது நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "இது போயிடும்டா" என்றாள். வலியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நகத்தைத்தான் சொன்னாள்.

மறுநாள் எனக்கு ஓர் அளவு பெரிய காலணி வாங்கினோம், யூரோவில், மனம் கூசுகிற விலையில். கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டு புறப்படும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கோடைக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் நடப்பவர்களுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு: காலையில் சீக்கிரம் கிளம்பு, இடி வருவதற்குள் போய்ச் சேர். வெயிலில் சூடான பள்ளத்தாக்குக் காற்று மலைச்சரிவோடு மேலேறி, குளிர்ந்து, மதியத்துக்குமேல் மேகமாகத் திரள்கிறது. இரண்டு மூன்று மணிக்கு அது இடிக்கத் தொடங்கும். எங்களுக்கு விதி தெரியும். ஆனாலும் ஃபெரே பள்ளத்தாக்கின் மேலே, மரங்களைத் தாண்டிய திறந்த சரிவுப் பாதையில் இரண்டரை மணிக்கு நாங்கள் நின்றிருந்தோம். எதிரே கிராண்ட் ஜோராஸ் சிகரங்கள் இருந்த இடத்தில் ஈயநிறச் சுவர் ஒன்று எழும்பியிருந்தது.

மின்னியது. அக்கா எண்ணத் தொடங்கினாள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். "பன்னிரண்டு. நாலு கிலோமீட்டர்." அடுத்தது ஒன்பது. அதற்கடுத்தது ஐந்து, அத்தோடு அவள் வகுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மேட்டிலிருந்து விலகி ஒரு பள்ளமான இடத்துக்கு இறங்கி, அலுமினிய ஊன்றுகோல்களைத் தள்ளிப் போட்டுவிட்டு, பைகளின் மேல் கால்களைச் சேர்த்துக் குந்தி, தலையைக் குனிந்துகொண்டு இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ இருந்தோம். மழை பக்கவாட்டிலிருந்து வந்தது, நடுவே ஆலங்கட்டியும் விழுந்தது. எனக்கு உயர்ந்த எண்ணம் எதுவும் அப்போது வரவில்லை. பத்து மணிக்குக் கிளம்பினோம், அதனால் இங்கே இருக்கிறோம் என்ற ஒரே வாக்கியம் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

விடுதியில் உலர்ந்த சட்டையோடு சூடான சூப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. நான் செய்யும் வேலையில் ஒரு முடிவுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே ஆறேழு மாதங்களும் நான்கு குழுக்களும் கணக்கில்லாத மின்னஞ்சல்களும் கிடக்கின்றன. மார்ச் மாதம் நான் சரி என்று தலையாட்டியது நவம்பரில் வேறொருவர் தலையில் விழும். யாரோ எப்போதோ எடுத்த முடிவு இன்று காலை என் மேசையில் வந்து விழுந்திருக்கும். பாராட்டும் அப்படித்தான், எதற்கென்று தெரியாமல் வரும். இருபது ஆண்டுகளாக இப்படியே இருந்து, நான் செய்கிற எதற்கும் எதுவும் நடப்பதில்லை என்று என் உடல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது போலும். நான் களைப்பு என்று பெயர் வைத்திருந்தது அந்த முடிவுக்குத்தான். மலைப்பாதையில் காரணமும் காரியமும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. புத்தகத்தை எடுத்துவந்தால் தோள் வலிக்கிறது. அனுப்பிவிட்டால் வலி நின்றுவிடுகிறது. தாகத்துக்கு நீர், குளிருக்குச் சட்டை, சோம்பலுக்கு இடி. தண்டனைகூட இனிமையாக இருந்தது, அது என்னுடையது என்பதால்.

மலைவிடுதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல விடுதிகளில் கோடைக்கான இடங்கள் முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்தே நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்றால் மூன்று நாட்டுக்கும் மூன்று சட்டம், இத்தாலியின் ஆவோஸ்தாப் பகுதியில் 2,500 மீட்டருக்குக் கீழே திறந்தவெளியில் கூடாரமே கூடாது. ஆகவே விடுதிதான். வாசலிலேயே காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட வேண்டும். ஐம்பது ஈரக் காலணிகளின் வாசனையை வருணிக்காமல் விடுகிறேன். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பலகைப் படுக்கைகள், அவரவர் கொண்டுவந்த துணிப்பைக்குள் அவரவர். நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு இரவுச் சாப்பாடு. வெளியே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பத்து மணிக்கு உள்ளே எல்லா விளக்கும் அணைந்துவிடும். குறட்டை பல மொழிகளில் கேட்கும். வீட்டில் இரவு ஒரு மணிவரை புரண்டுகொண்டிருக்கிற நான், அங்கே படுத்த இரண்டாவது நிமிடத்தில் தூங்கினேன் என்பதை அக்கா புகாராகவே பதிவு செய்திருக்கிறாள்.

கிராண்ட் கோல் ஃபெரே கணவாயைத் தாண்டியதும் சுவிட்சர்லாந்து. என் கைபேசியின் இணைப்புத் திட்டம் அங்கே செல்லாது, பையில் இருந்த யூரோ நாணயங்களோடு பிராங்கும் வந்து கலந்துகொண்டது. எனக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்தவை மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள். அவற்றில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும்: அடுத்த ஊருக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்று. நாழிகைவழி என்று தூரத்தையே நேரத்தால் சொன்ன பழக்கம் நம் மொழியிலும் இருந்தது. நடந்து போகிறவர்கள் உலகத்தில் அதுதான் நேர்மையான அளவு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892இல் ஒரு சூத்திரம் வகுத்தார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அக்கா ஒவ்வோர் இரவும் மறுநாள் தூரத்தை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, வந்த விடையை ஒன்றரையால் பெருக்குவாள். அந்த ஒன்றரைதான் நாங்கள்.

லா ஃபூலியிலிருந்து ஷாம்பே ஏரிக்குப் போகிற நாள் சுற்றுப்பாதையிலேயே சுலபமான நாள். கையேடுகள் சற்று அலட்சியமாகவே பேசுகிற பகுதி அது. ஓர் ஆற்றங்கரை, சில கிராமங்கள், பிறகு காடு. காட்டுக்குள் பாதை ஒரு ஆள் போகும் அகலம்தான். அக்கா முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகுப்பையும் அதன் மேல் காயப்போட்டிருந்த காலுறையும்தான்.

"அம்மா படுக்கையில கிடந்த எட்டு மாசத்துல நீ ரெண்டு தடவைதான் வந்தே" என்றாள், திரும்பாமல், நடையின் வேகத்தைக் குறைக்காமல்.

ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வாக்கியத்தை நான் ஆறு ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தேன். விசேஷ வீடுகளில் அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் இதோ வருகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்திருந்தால் நான் பதில்களை வைத்திருந்தேன்: வேலை, விடுப்பு, பணம் அனுப்பியது. முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பேன். முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவனுக்கு வாதம் செய்யச் சௌகரியப்படவில்லை. "ஆமாம்" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "பயமா இருந்தது. அம்மாவை அப்படிப் பார்க்க" என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருந்தது" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. வேர்களும் கற்களுமான பாதை. கவனம் காலில் இருந்தாக வேண்டியிருந்தது, அதற்காக நான் பாதைக்கு நன்றியுடையவன். கணவாயில் அவள் இரண்டு பக்கமும் சரிசமமாகத் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் வந்தது. அது வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது என்று அப்போது தோன்றியது. ஷாம்பே ஏரிக்கரையில் பையை இறக்கி வைத்துவிட்டு, காலணியைக் கழற்றி, இருவரும் நீரில் கால் விட்டு உட்கார்ந்தோம். என் கறுத்த நகத்தை அவள் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். வலித்தது. சிரித்தாள்.

மறுபடி பிரான்ஸுக்குள் கோல் து பாம் வழியாக நுழைந்த பிறகு ஓய்வு நாளில், ஷாமொனியிலிருந்து பற்சக்கர ரயிலேறி மேர் து கிளாஸ் பனியாற்றைப் பார்க்கப் போனோம். பெயரின் பொருள் பனிக்கடல். பிரான்ஸின் மிகப் பெரிய பனியாறு அதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ரயிலில் வந்தவர்கள் நிலையத்திலிருந்து சிறிது நடந்தாலே பனியின் மேல் கால் வைக்க முடிந்தது. இன்று கீழே பார்த்தால் சாம்பல் நிறப் பள்ளம். அதன் அடியில் அழுக்குப் போர்வை போர்த்தியது போலக் கொஞ்சம் பனி. இறங்குகிற வழியில், எந்த ஆண்டில் பனி எந்த மட்டம்வரை நின்றது என்று பலகைகள் அறைந்திருக்கிறார்கள். 1990 என்ற பலகையின் முன்னால் அக்கா நின்றாள். அதே மட்டத்தில் பனி நின்ற ஆண்டில் எனக்குப் பள்ளிக்கூட வயது. அங்கிருந்து பனிவரை இருந்த வெற்று ஆழத்தை அவளும் எண்ணாகச் சொல்லவில்லை. பத்து நாளாக என்னுள் ஏதோ புதிதாகிறது என்று நான் உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வளராத ஒன்றின் ஓரத்தில் நின்றுகொண்டு அந்தப் பெருமையைத் தொடர முடியவில்லை. அங்கிருந்து வந்த ரயிலில் நாங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் லாக் பிளாங் ஏரிக்கரையில் காட்டாடுகளைப் பார்த்தது, அதற்கு ஈடாக வைத்துப் பேசக்கூடிய விஷயமல்ல, ஆனாலும் பார்த்தோம். வளைந்த பெருங்கொம்புகளுடைய ஐபெக்ஸ் ஆடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துக்கட்டப்பட்டவை. இத்தாலியின் கிரான் பாரதீசோ பகுதியில் தப்பிப் பிழைத்த சொற்பக் கூட்டத்தின் வழிவந்தவைதான் இன்று ஆல்ப்ஸ் முழுவதும் இருக்கின்றன. ஒன்று பாதையின் நடுவில் நின்றுகொண்டு எங்களைப் பொருட்படுத்தாமல் அசைபோட்டது. நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

கடைசி நாள், பிரெவான் முகட்டின் 2,525 மீட்டரிலிருந்து லே ஊஷின் 1,000 மீட்டருக்கு, ஒரே இறக்கம். எதிரே மோன் பிளாங், முதல் நாள் பார்த்த அதே சாதுவான வெள்ளைச் சட்டி. அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும் என்பதால் அந்தச் சாதுத்தனத்தை நான் நம்பவில்லை. விடுதியில் மூன்றரைக் கிலோ பார்சல் எனக்காகக் காத்திருந்தது.

திரும்பி வந்த மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது. இரவு ஒரு மணி, கைபேசி, நவம்பரில் யார் தலையிலோ விழப்போகிற முடிவுகள். மலையில் கிடைத்ததை ஊரில் வைத்துக்கொள்ள வழி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழிகளில் இரண்டு மூன்றை முயன்றும் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரே வித்தியாசம், எந்த வேலையாக இருந்தாலும் பத்து மணிக்குக் கிளம்பினால் இடியில் மாட்டிக்கொள்வோம் என்ற ஒரு பயம் உடம்பில் தங்கிவிட்டது. ஆறரைக்கெல்லாம் எழுந்துவிடுகிறேன், எங்கே போவதென்று தெரியாவிட்டாலும்.

செப்டம்பரில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து துவட்டும்போது நகம் வலியில்லாமல் கையோடு வந்துவிட்டது. மருத்துவரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், பெருவிரல் நகம் முழுதாக வர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும், அதை அவசரப்படுத்த மருந்து எதுவும் கிடையாது என்றார். அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் நாங்கள் விசேஷங்களுக்குத்தான் பேசிக்கொள்வோம். வேறு எதையும் கேட்பதற்கு முன்னால், "எவ்வளவு வந்திருக்கு?" என்பாள். நான் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்துச் சொல்வேன். சென்ற வாரம் ஏழு மில்லிமீட்டர்.